பென்சிலில் வராத மூன்று

எண் எதைப் பார்த்தாலும் சித்தப்பா முதலில் அதைத் துடைப்பார், பிறகுதான் படிப்பார். சமையல் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் அதன் கழுத்தில் இருக்கும் எண்ணுக்குச் சட்டை நுனியால் ஒரு துடைப்பு. மின்சார மீட்டரின் கண்ணாடிக்கு எச்சில் தொட்டு ஒரு துடைப்பு. என் அப்பா கடைசியாகப் படுத்திருந்த மருத்துவமனைக் கட்டிலின் எண் தகட்டையும் கைக்குட்டையால் துடைத்தார். "அது சுத்தமாத்தான் சார் இருக்கு," என்றார் அங்கிருந்த பணியாளர். "இருக்குப்பா, கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றார் சித்தப்பா.

"இவரு மூஞ்சில ஒரு நம்பரை எழுதி ஒட்டிடணும். அப்பத்தான் காலைல ஒழுங்கா முகம் கழுவுவாரு," என்பாள் சித்தி.

பல வருஷம் இதை நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் அவர் விரலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும். அம்மா அதற்கும் முன்பே இல்லை. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், அது தண்ணீர் வரி நோட்டீஸாக இருந்தாலும், "பட்டதாரியைக் கூப்பிடு" என்பார் சித்தப்பா. நான் படித்தது வரலாறு. தண்ணீர் வரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "படிச்ச வரைக்கும் சொல்லு, மீதியை நான் ஊகிச்சுக்கறேன்," என்பார். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி படித்துக் காட்டிக் காட்டியே நான் பெரியவளானேன். இப்போது இன்ஷூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் கடிதம் எழுதும் வேலையில் இருக்கிறேன். அங்கேயும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறேன்.

சித்தப்பாவின் ஷெட் துறைமுகத்துக்குப் பின்னால், சரக்கு லாரிகள் வரிசை கட்டும் சாலையில் இருந்தது. தகரக் கூரை. ஆயில் குடித்துக் குடித்துக் கறுத்த தரை. கழற்றிய ஸ்டியரிங்குகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும். வெளிநாட்டில் ஓடிய காரை இந்த நாட்டுச் சாலைக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் வேலை. உரிமம் சித்தப்பா பெயரில். கூட்டாளி ஒரு வெல்டர். வாயை மூடாத மனிதர்.

கப்பலிலிருந்து இறங்கிவிட்டால் மட்டும் அது கார் ஆகிவிடாது என்பார் சித்தப்பா. அதுவரைக்கும் அது சரக்கு. ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இருக்கும், மாற்ற வேண்டும். முன்விளக்கின் ஒளி அந்த ஊரில் சாலை ஓரத்தைப் பார்த்துச் சாயும். அதே விளக்கு இங்கே எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். வேகம் காட்டும் முள் மைல் கணக்கில் ஓடும். எல்லாவற்றையும் மாற்றி, சோதனைத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, அவர் சரி என்று எழுதினால்தான் நம்பர் பிளேட். பக்கத்தை மாற்றுவதையே பிழைப்பாக வைத்திருந்ததால் திடலில் அவருக்கு 'இடவலம்' என்று பெயர். "இடவலத்துக்கிட்ட வழி கேட்காதீங்க, ரெண்டு பக்கமும் கை காட்டுவாரு," என்று வெல்டர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டியின் உடலிலும் ஓர் எண் குத்தியிருக்கும். அது, வண்டி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுத் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இன்ஸ்பெக்டர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். குத்திய எண் தாளில் ஏறி வரும். தொழிலில் இதற்குப் 'பென்சில் எடுக்கிறது' என்று பெயர். பென்சில் நன்றாக வர வேண்டும் என்பதற்காகச் சோதனைக்கு முதல் நாள் எண்ணைச் சுத்தம் செய்து வைப்பது எல்லா ஷெட்டிலும் வழக்கம். மண்ணெண்ணெய் தொட்ட துணி மட்டும்தான். இரும்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எண்ணில் கை வைத்தால் உரிமம் ரத்து, கூடவே வழக்கு. இது ஷெட் சுவரிலேயே பலகையில் எழுதித் தொங்கும்.

அந்த வேன் வந்த வருஷம் சித்தப்பாவின் தலை பாதி நரைத்திருந்தது.

வேனைக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். பனி கொட்டும் ஒரு நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கணவர் இல்லை. ஒரே மகள், சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளும்படி பின்பக்கம் லிஃப்ட் வைத்த வேன் அது. இங்கே அப்படி ஒரு வண்டி விற்பனைக்கே கிடையாது. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், அங்கே தாங்கள் வைத்திருந்த ஒரு வண்டியை வரிச் சலுகையில் கொண்டுவரலாம். ஆனால் சலுகைக் காலம் முடிவதற்குள் பதிவும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அரசு நொறுக்கிவிடும்.

மகளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரி ஊரின் அந்தக் கோடியில். பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவில் நாற்காலி போகாது. வேன் ஓடினால் கல்லூரி. இல்லையென்றால் வீடு. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு சனிக்கிழமை காலை நான் சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது நர்ஸும் மகளும் ஷெட்டில் இருந்தார்கள். தரையின் ஆயிலில் நாற்காலியின் சக்கரம் வழுக்கியது. வெல்டர் ஒரு பலகையை எடுத்துப் போட்டார்.

"எவ்வளவு நாள் ஆகும்ணா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"என் வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்மா. ஆபீஸ் வேலைக்கு நான் வாய் கொடுக்க முடியாது."

"ஸ்டியரிங்கை அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் கொண்டுவரீங்களே அங்கிள்," என்றாள் மகள், "சட்டத்தையும் அப்படிக் கொஞ்சம் நகர்த்தத் தெரியுமா?"

"அது உன் வேலைம்மா. நீ படிச்சு முடிச்சுட்டு வந்து நகர்த்து. நான் நட்டு போல்ட்டோட நிக்கறேன்."

"படிக்கறதுக்குப் போகவே இந்த வண்டி வேணுமே."

"பாத்தியா," என்று சித்தப்பா என் பக்கம் திரும்பினார், "இப்பவே வாதம் பண்ணுது. வக்கீலம்மா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. வண்டி உங்க காலேஜ் திறக்கிற அன்னைக்கு உங்க வாசல்ல நிக்கும்."

"எழுதித் தர்றீங்களா?"

"வாயால சொன்னா போதாதா?"

"போதாது," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவள் பெயர் வக்கீலம்மா.

அவளுக்கு என் வயதுதான். நாங்கள் சீக்கிரமே சிநேகமாகிவிட்டோம். கல்லூரியைச் சொல்லும்போது அவள் முகம் மாறுவதைப் பார்த்து எனக்கு என்னவோ செய்யும். நான் கல்லூரிக்குப் போனது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு. அதை ஒரு கொடுமையாகச் சொல்லிச் சொல்லிக் குறைபட்டிருக்கிறேன்.

ஸ்டியரிங் மாறியது. விளக்குகள் மாறின. லிஃப்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார் சித்தப்பா. எண்ணில்தான் வம்பு வந்தது. அந்த நாட்டில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு கொட்டுவார்களாம். நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டி வந்த உப்புத் தண்ணீர் வேனின் தரையில் இறங்கி, முன் இருக்கைக்குப் பக்கத்தில் குத்தியிருந்த எண்ணை அரித்திருந்தது.

சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டருக்கு 'பிளாஸ்க்காரர்' என்று பெயர். தன் டீயைத் தானே பிளாஸ்க்கில் கொண்டுவருவார். எந்த ஷெட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவருக்கு நண்பர்கள் கிடையாது, குறை சொல்கிறவர்களும் கிடையாது. அவர் மண்டியிட்டுப் பென்சில் எடுத்தார். மற்ற இலக்கங்கள் மங்கலாகவாவது ஏறின. நடுவில் ஒன்று மட்டும் வரவில்லை.

"அது மூணு சார். கண்ணாடி ஓரத்துத் தகட்டுல பாருங்க, பளிச்சுனு மூணு இருக்கு. தாள்லயும் மூணுதான்."

"எனக்கும் மூணுன்னுதான் தெரியுது. ஆனா தெரியறது வேற, வர்றது வேற. தகட்டை யாரு வேணா கழட்டி மாட்டலாம். உடம்புல குத்தினதுதான் செல்லும். எட்டாவும் இருக்கலாம் இல்ல?"

"அந்தப் பொண்ணுக்குக் காலேஜ் திறக்கப்போகுது சார்."

"தடயவியல் லேபுக்கு எழுதறேன். ஆசிட் போட்டுப் பார்ப்பாங்க. அடியில இருக்கிறது மேல தெரியும். அங்க கூட்டம் அதிகம், மாசக் கணக்குல ஆகும். என்னால முடிஞ்சது, அவசரம்னு மேல எழுதறது." அப்படியே எழுதினார். வரவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அந்தப் பென்சில் தாளையும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

லேபிலிருந்து ஆள் வரவில்லை. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. சலுகைக் காலமும் முடிந்துகொண்டிருந்தது. வக்கீலம்மா தினமும் போன் செய்வாள். கோபமாகப் பேச மாட்டாள், "அங்கிள், இன்னைக்கு என்ன ஜோக்?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதுதான் அவரை அதிகமாக அறுத்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போவார்.

ஒரு மத்தியானம் வெல்டர் வெல்டிங் கேஸ் வாங்கப் போயிருந்தார். சித்தப்பா வேனுக்குள் தனியாக உட்கார்ந்தார். என்ன செய்தார் என்பதை இரண்டு வருஷம் கழித்து அவரே எனக்குச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"முதல்ல துணிதான் போட்டேன். அப்புறம் மண்ணெண்ணெய். மூணோட மேல் வளைவு வந்துச்சு, கீழ் வளைவு வரல. துரு தேய்க்கிற எமரித் தாள் ஒண்ணு கிடந்துச்சு. லேசா ஒரு இழுப்பு இழுத்தேன். துரு போச்சு, கூடவே இருந்த கொஞ்சமும் போயிடுச்சு. அப்பத்தான் பயம் வந்துச்சு. இப்ப மூணும் இல்ல, எட்டும் இல்ல, ஒண்ணுமே இல்ல. குத்தூசியை எடுத்து கீழ் வளைவை எழுப்பி விட்டேன். இல்லாததையா போட்டேன்? இருந்ததைத்தானே போட்டேன். எழுப்பினதும் அவ்வளவு அழகா இருந்துச்சு. அதான் தப்பு. மத்த நம்பர் எல்லாம் கிழடு தட்டிப்போய் நிக்குது, நடுவுல இது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி."

அதன்மேல் கிரீஸ் தடவி, தூசியைத் தூவி, மங்கலாக்கப் பார்த்திருக்கிறார். வாழ்க்கை முழுக்க எண்களைத் துடைத்த மனிதர் ஓர் எண்ணை அழுக்காக்க உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான்.

மறுபடியும் சோதனைக்கு எழுதிப் போட்டார். துருவை எடுத்தாயிற்று, இப்போது பென்சில் வருகிறது என்று மனு. அந்த மனுவை எழுத மட்டும் பட்டதாரியைக் கூப்பிடவில்லை.

இரண்டாவது சோதனை அன்று நர்ஸம்மா, வக்கீலம்மா இருவரும் வந்திருந்தார்கள். நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். திடல் முழுக்கச் சரளைக் கல். நாற்காலி உள்ளே போகாது. மூவரும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்ப மர நிழலில் நின்றோம். அங்கிருந்து வேன் தெரிந்தது, இரண்டு பேரின் முதுகு தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை.

உள்ளே நடந்ததையும் சித்தப்பாதான் பின்னால் எனக்குச் சொன்னார். பிளாஸ்க்காரர் பென்சில் எடுத்தார். இந்தத் தடவை மூன்று ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார்.

"யார் கை வெச்சது?"

சித்தப்பா கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தார்.

"இங்க பாருங்க. இப்பவே சொல்லிட்டீங்கன்னா, ஷெட்டுல நடந்த தப்புன்னு எழுதுவேன். வண்டி லேபுக்குப் போகும். அடியில மூணு இருந்தா ஆசிட்ல வந்துடும், வண்டி பிழைச்சுக்கும். உங்க உரிமம் போகும், வழக்கு வரும், அதை நான் மறைக்க முடியாது. சொல்லாம, துருவை மட்டும்தான் எடுத்தோம்னு மனுவுல இருக்கிறபடியே நின்னீங்கன்னா, வண்டி இங்க வர்றதுக்கு முன்னாடியே எண்ணை மாத்தியிருக்காங்கன்னு எழுதணும். அப்புறம் அது திருட்டு வண்டிங்கற சந்தேகம். திருட்டு வண்டின்னா நேரா பறிமுதல்தான், லேபுக்கும் போகாது, எங்கயும் போகாது. எனக்கு வேற வழி இல்ல."

"கப்பல்ல வந்தப்பவே அப்படித்தான் சார் இருந்துச்சு," என்றார் சித்தப்பா.

பிளாஸ்க்காரர் அவரை இன்னொரு தடவை கேட்டாராம். "உங்களை எனக்கு நல்லாத் தெரியும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

அப்படியே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் சித்தப்பா.

திடலைக் கடந்து எங்களை நோக்கி அவர் நடந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா இரண்டடி முன்னால் போய், "என்னண்ணா ஆச்சு?" என்றார்.

"வண்டியைப் பிடிச்சு வெச்சுட்டாங்கம்மா. நம்பர்ல சந்தேகமாம்."

"போன தடவை வரலைன்னாரு. இந்தத் தடவை?"

"வந்துச்சு. வந்தும் சந்தேகமாம்."

"வரலைன்னாலும் தப்பு, வந்தாலும் தப்புன்னா என்ன அர்த்தம்?" என்று வக்கீலம்மா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும் முன் சித்தப்பா வேப்ப மரத்தைப் பார்த்தார். "அந்த ஆளு எதையோ எதிர்பார்க்கிறாரோ என்னவோம்மா. எனக்குத் தெரியல," என்றார்.

தெரியல என்று முடித்ததால் அது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாராம். எனக்குச் சொன்னபோது அவரே சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

வக்கீலம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். புகாரை அவளே எழுதினாள். தெளிவான, ஆத்திரம் இல்லாத, ஓர் இடத்திலும் தடுக்காத புகார். முதல் தடவை எண் வரவில்லை என்றவர், இரண்டாவது தடவை வந்த பிறகும் மறுத்தது ஏன்? இடையில் எதை எதிர்பார்த்தார்? எனக்குப் படிக்கக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகை ஒன்று அதைப் போட்டது. பிளாஸ்க்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டைச் சோதனை போட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு அடையாளம் என்று திடலில் பேசிக்கொண்டார்கள். பிறகு, விசாரணை முடியும்வரை என்று சொல்லி, ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடைக்கு அனுப்பினார்கள்.

இதனால் எல்லாம் வேன் வெளியே வரவில்லை. கல்லூரி திறந்தது. அடுத்த மாசம் அவள் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். சலுகைக் காலம் முடிந்தது. திருட்டுச் சந்தேகம் உள்ள வண்டியைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஒரு நாள் காலை அதை நொறுக்கும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். மாற்றங்கள் செய்த ஷெட்டின் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்பது விதி. வெல்டர் போகிறேன் என்றார். சித்தப்பா விடவில்லை.

"லிஃப்டைக் கழட்டிக்கலாமான்னு கேட்டேன்," என்றார் வீட்டுக்கு வந்து. "கூடாதுன்னுட்டாங்க. மூடின லிஃப்ட் அழுத்தத்துல தானா திறந்துச்சு. அப்புறம் அதுவும் மடங்கிடுச்சு." கை கழுவப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தி போய் எழுப்பிக் கூட்டி வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் நர்ஸம்மா வீட்டுக்கு அடிக்கடி போனார். குளியலறைக் கதவை அகலப்படுத்திக் கொடுத்தார். நாற்காலிக்குப் புது பேரிங் போட்டார். காசு வாங்கவில்லை. "எங்க சொந்தக்காரங்க யாரும் இப்படி இல்லைம்மா," என்று நர்ஸம்மா என்னிடம் சொன்னார். வக்கீலம்மா வீட்டிலிருந்தபடி தபாலில் ஏதோ படித்தாள், பாதியில் விட்டாள். துணிக் கடை ஒன்றுக்குப் போனில் ஆர்டர் எடுக்கும் வேலை கிடைத்தது. ஜோக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஷெட்டில் வைத்து சித்தப்பா என்னைக் கேட்டார்: "ஏய் பட்டதாரி, ஒருத்தன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை மாத்தி எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?"

"எந்த ஒருத்தன்?"

"ஒருத்தன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்குகள் தொங்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும், "திட்டறதுன்னா திட்டிடு," என்றார்.

திட்ட வாய் வரவில்லை. என் கல்லூரிப் படிப்புச் செலவு முழுக்க அந்தச் சுவரிலிருந்து இறங்கியது. அப்படி இருக்க, எந்த உயரத்தில் நின்று திட்டுவது? "இப்பவாவது போய்ச் சொல்லுங்க சித்தப்பா," என்று மட்டும் சொன்னேன்.

"சொல்லணும். அந்த மனுஷனுக்குச் சொல்லணும். அதைவிட அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும். உங்க சித்திக்கு ஆபரேஷன் முடியட்டும். ஷெட் இருந்தாத்தானே அது நடக்கும்."

ஆபரேஷன் முடிந்தது. பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. பிறகு வெல்டர் மகள் கல்யாணம். ஷெட்டை நம்பித்தான் அவரும் இருந்தார். ஒவ்வொரு காரணமும் உண்மையான காரணம். அதனால்தான் என்னால் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை. ஒரு தடவை, சொல்லிவிடப் போகிறேன் என்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "அந்தம்மா காபி கொடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்," என்றார்.

நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குக் கொண்டு போன அன்றே சித்தப்பா இறந்துபோனார். பேசும் நிலையில் இல்லை.

துக்கம் விசாரிக்க நர்ஸம்மாவும் வக்கீலம்மாவும் வந்தார்கள். எங்கள் வீடு மாடியில், நாற்காலி ஏறாது. நான் கீழே இறங்கிப் போனேன். "எங்க பக்கம் நின்ன ஒரே ஆளு அவருதான்," என்றாள் அவள். "அந்த இன்ஸ்பெக்டரு ரிட்டயர் ஆகப்போறாராம், விசாரணையை முடிச்சுப் பென்ஷன் கொடுக்கப் போறாங்களாம். நான் ஆட்சேபம் எழுதிப் போட்டிருக்கேன். அங்கிளுக்காகவாவது இதை விட மாட்டேன்."

மேலே வந்து, சித்தப்பா செய்ததையும் அதை நான் வெளியே சொல்லப்போவதையும் சித்தியிடம் சொன்னேன். சித்திக்குத் தெரிந்திருந்தது. "என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் வாயை மூடிட்டு இருங்கன்னேன்," என்றாள். "இப்ப நீ போய்ச் சொல்லு. அவரு பேர்ல ஓடுற உரிமம் போகும், வெல்டர் மாசா மாசம் கொடுக்கிற பங்கு நிக்கும். உண்மைக்கு யாரு வந்து வாடகை கட்டுவா? செத்தவரு பேரை எடுத்து வெளியில போட்டா உனக்கு நிம்மதியா தூக்கம் வருமா?"

"இப்ப மட்டும் வருதா சித்தி?"

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எடைமேடையில் பிளாஸ்க்காரர் ஒரு தகர அறைக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே லாரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "ரெண்டு தாளும் என் கையிலதானே இருந்துச்சு. விசாரணையில அதைக் காட்டினேன். சரி, மாத்தினது யாருன்னு கேட்டாங்க. அவரு இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காரே. நீங்க சொல்றது கேள்விப்பட்ட விஷயம். அது நிக்காது. அவரு சொல்லியிருக்கணும்." பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "அந்தப் பொண்ணு படிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லை சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்க எழுந்து போனார்.

வக்கீலம்மாவிடம் சொன்னது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் காதில் ஹெட்போனோடு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. சமையலறையில் இருந்த நர்ஸம்மாவுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தச் சொன்னாள்.

"அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா வண்டி லேபுக்குப் போயிருக்கும், இல்ல?"

"ஆமா."

"எத்தனை தடவை இங்க வந்து உட்கார்ந்திருக்காரு. இந்த நாற்காலியைத் தலைகீழாப் போட்டு பேரிங் மாத்தினாரு. என்னைத் தூக்கி அந்தக் கட்டில்ல உட்கார வெச்சதே அவருதான். அப்பக்கூட வாய் வரலையா?"

நான் நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"நீ ஏன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வெச்சிருக்க? நீ கேட்டா எனக்கு என்ன ஆகப்போகுது? அவரு கேட்கணும். என்னால இப்ப அவரைத் திட்டக்கூட முடியல, பாரு." மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "பேப்பர் எடு," என்றாள்.

அன்றே புகாரையும் ஆட்சேபத்தையும் திரும்பப் பெறுவதாக எழுதினாள். ஒரு தப்பில்லை, ஓர் அடித்தல் இல்லை. நான் கொண்டு போய்க் கொடுத்தேன். பதில் வந்திருக்கிறது. புகாரை அப்படியெல்லாம் திரும்பப் பெற முடியாதாம். இன்ஸ்பெக்டர் மீதான விசாரணையை முடிக்க வேண்டுமானால் ஒன்றே ஒன்று வேண்டுமாம்: எண்ணில் கை வைத்தவர் நேரில் வந்து, தம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குமூலம்.